ஏழு சீசனோடு முடிந்த தொடருக்கு எட்டாவது சீசன் எங்கிருந்து வந்தது?

ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி என்ற இளம்பெண்ணின் கதையான ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ என்ற அமெரிக்கத் தொடர் தொலைக்காட்சியில் 7 சீசன் ஓடி, 2003 மே மாதம் முடிந்தது. ஆனால் அதன் ரசிகர்கள் 8, 9, 10, 11, 12 என்று மேலும் ஐந்து சீசன்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். அதற்கு இரண்டு பத்தாவது சீசன்கள் இருக்கின்றன. ஒன்றில் நடந்தது இன்னொன்றில் நடக்கவே இல்லை.

இந்தக் கூடுதல் சீசன்கள் எல்லாம் காமிக்ஸ் புத்தகங்கள். ரசிகர்கள் சொந்தமாக எழுதிக்கொண்டவை அல்ல. உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, பல நேரங்களில் தொடரை உருவாக்கியவரே முன்னின்று எழுதியவை. ஒரு தொடர் ஏன் காமிக்ஸுக்குப் போகிறது, அங்கே அந்தக் கதைக்கு என்ன ஆகிறது, அதை ‘உண்மையான தொடர்ச்சி’ என்று எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

47 லட்சம் பேர் பார்த்தும் போதவில்லை

விளம்பரத்தை நம்பி நடக்கும் அமெரிக்கச் சேனலில் ஒரு தொடரின் ஆயுளைத் தீர்மானிப்பது பார்வையாளர் எண்ணிக்கை. ஒரு மணி நேர நாடகத் தொடருக்கு அரங்கம், நடிகர்கள், நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், கிராஃபிக்ஸ் என்று எபிசோடுக்கு எபிசோட் லட்சக்கணக்கான டாலர் இறங்குகிறது. விளம்பர வருமானம் அதை ஈடுகட்டவில்லை என்றால் கதை எந்த இடத்தில் நிற்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதற்கு ‘ஃபயர்ஃப்ளை’யைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஜாஸ் வீடன் உருவாக்கிய இந்த விண்வெளித் தொடரை ஃபாக்ஸ் சேனல் 2002 செப்டம்பரில் வெள்ளிக்கிழமை இரவில் ஒளிபரப்பத் தொடங்கியது. கதாபாத்திரங்களை அறிமுகப்படுத்த எடுத்த இரண்டு மணி நேர முதல் எபிசோடை ஓரங்கட்டிவிட்டு இரண்டாவதை முதலில் போட்டார்கள். அந்த அறிமுக எபிசோட் டிசம்பர் 20 அன்று, தொடர் ரத்தான பிறகுதான் ஒளிபரப்பானது. எடுத்தவை 14 எபிசோட். அந்த ஓட்டத்தில் திரைக்கு வந்தவை 11. யார் எவர் என்று தெரியாமலேயே பார்வையாளர்களை நடுக்கதைக்குள் இறக்கிவிட்ட சேனல், அவர்கள் ஒட்டவில்லை என்று தொடரை நிறுத்தியது. இதில் பழி முழுக்கச் சேனல் மீதுதான் என்பது என் கருத்து.

சராசரியாக 47 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். தேசிய அளவிலான சேனலுக்கு அது தோல்வி. ஆனால் அமெரிக்கக் காமிக்ஸ் சந்தையில் ஓர் இதழ் ஒரு லட்சம் பிரதி தாண்டினாலே பெரிய வெற்றி. அந்தப் பார்வையாளர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் புத்தகம் வாங்கினால் போதும். டிவி கைவிட்ட கதை காமிக்ஸுக்குப் போவதன் மூலகாரணம் இந்த இடைவெளிதான்.

காமிக்ஸ் கணக்கு வேறு

மாதம் ஒன்றாக வரும் ஒரு காமிக்ஸ் இதழில் கதைப் பக்கங்கள் 20 முதல் 22 வரை இருக்கும். அதை உருவாக்க எழுத்தாளர், பென்சிலில் வரைபவர், மை போடுபவர், வண்ணம் தீட்டுபவர், எழுத்துப் பதிப்பவர், அட்டைப்பட ஓவியர், ஒரு எடிட்டர் இருந்தால் போதும். ஏழெட்டுப் பேரில் வேலை முடிந்துவிடும். விண்கலத்தின் உட்புறத்தைக் கட்டவோ வாடகைக்கு எடுக்கவோ தேவையில்லை. வேறு படத்துக்கு ஒப்பந்தமாகிவிட்ட நடிகரின் கால்ஷீட்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

இன்னொரு காரணம் விற்பனை முறையில் இருக்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பத்திரிகைக் கடைகளில் விற்காத பிரதிகள் பதிப்பகத்துக்கே திரும்பி வரும், நஷ்டம் பதிப்பகத்துடையது. 1970களில் அமெரிக்காவில் உருவான காமிக்ஸ் கடைகளின் நேரடிச் சந்தையில் அப்படி இல்லை. இதழ் வருவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பே கடைக்காரர் பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிடுவார். விற்காவிட்டால் திருப்ப முடியாது. ஆகவே எத்தனை பிரதி போகும் என்பது அச்சடிக்கும் முன்பே பதிப்பகத்துக்கு ஓரளவு தெரிந்துவிடுகிறது. ஏற்கெனவே ரசிகர் கூட்டம் உள்ள தொடர் என்றால் கடைக்காரரும் தைரியமாக ஆர்டர் போடுவார். ‘பஃபி’யின் எட்டாவது சீசனை டார்க் ஹார்ஸ் பதிப்பகம் 2007 மார்ச்சில் தொடங்கியபோது முதல் இதழ் ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டியது, மறுஅச்சும் போட வேண்டியிருந்தது.

அனுமதி யாரிடம் இருக்கிறது?

வாசகர்களுக்குப் புரியாத பல வினோதங்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு தொடரின் கதையும் பாத்திரங்களும் பொதுவாக அதைத் தயாரித்த ஸ்டுடியோவுக்குச் சொந்தம், எழுதியவருக்கு அல்ல. காமிக்ஸ் பதிப்பகம் பணம் கட்டி, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட பெயர்களையும் பாத்திரங்களையும் பயன்படுத்தும் லைசென்ஸை வாங்குகிறது. வாடகை வீடு மாதிரிதான்: பதிப்பகம் எத்தனை வருடம் குடியிருந்தாலும், சுவருக்கு எவ்வளவு அழகாக வண்ணம் அடித்தாலும், பத்திரம் வேறொருவர் பெயரில் இருக்கிறது.

இதன் விளைவுகளை இரண்டு உதாரணங்களில் பார்க்கலாம்.

1. ‘ஃபயர்ஃப்ளை’ தொலைக்காட்சித் தொடர் அப்போது ஃபாக்ஸ் நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. அதன் தொடர்ச்சியாக 2005இல் வந்த ‘செரினிட்டி’ திரைப்படம் யுனிவர்சல் நிறுவனத்துடையது. டார்க் ஹார்ஸ் லைசென்ஸ் வாங்கியது யுனிவர்சலிடம். அதனால்தான் ‘ஃபயர்ஃப்ளை’யின் அதே ஆட்கள், அதே விண்கலம் என்று வந்த காமிக்ஸ்கள் பல வருடம் ‘செரினிட்டி’ என்ற பெயரில் வெளியாகின. 2018இல் பூம் ஸ்டூடியோஸ் பதிப்பகம் ஃபாக்ஸிடம் உரிமை வாங்கிய பிறகு ‘ஃபயர்ஃப்ளை’ என்ற பெயரிலேயே புதிய காமிக்ஸ் தொடங்கியது. பெயர் வேறு என்பதால் கதையுலகமும் வேறு என்று நினைத்துவிட வேண்டாம்.

2. ‘பஃபி’யிலிருந்து பிரிந்து தனித்தொடரான ‘ஏஞ்சல்’ 2004 மே மாதம் நின்றது. (‘பஃபி’ கதாநாயகி விலகியதால் முடிவுக்கு வந்தது, ‘ஏஞ்சல்’தான் சேனல் ரத்து செய்த தொடர்.) ‘பஃபி’க்கான காமிக்ஸ் உரிமை டார்க் ஹார்ஸிடமும் ‘ஏஞ்சல்’ உரிமை ஐடிடபிள்யூ பதிப்பகத்திடமும் இருந்தன. ஐடிடபிள்யூ 2007 நவம்பரில் ‘ஏஞ்சல்: ஆஃப்டர் த ஃபால்’ என்று தொடர்ச்சியைக் கொண்டுவந்தது. ஒரே உலகத்தில் வாழும், ஒருவரை ஒருவர் நேசித்த இரண்டு பாத்திரங்கள் இரண்டு போட்டிப் பதிப்பகங்களின் புத்தகங்களில் தனித்தனியாக நடமாடினார்கள். ‘ஏஞ்சல்’ உரிமை மறுபடி டார்க் ஹார்ஸுக்கு வந்து, 2011இல் ‘ஏஞ்சல் அண்ட் ஃபெயித்’ தொடங்கிய பிறகுதான் இரண்டு கதைகளும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

‘அதிகாரபூர்வம்’ என்ற முத்திரையில் மூன்று தரம்

கதையில் எதையெல்லாம் உண்மையில் நடந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ரசிகர்கள் ‘கேனன்’ என்று சொல்வார்கள். காமிக்ஸ் விஷயத்தில் இது ஆம், இல்லை என்று முடிந்துவிடுவதில்லை.

1. அனுமதி மட்டும் உள்ளவை. 1967இல் கோல்ட் கீ பதிப்பகம் வெளியிடத் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ காமிக்ஸ் இந்த வகை. தொலைக்காட்சித் தொடர் 1969இல் நின்ற பிறகும் 1979 வரை மொத்தம் 61 இதழ்கள் வந்தன. ஆனால் கதை எங்கும் தொடரவில்லை, தனித்தனி சாகசங்கள்தான். ஆரம்ப இதழ்களை வரைந்த இத்தாலிய ஓவியர்கள் தொடரைப் பார்த்ததே இல்லை, புகைப்படங்களை வைத்து வரைந்தார்கள். விண்கலத்தின் பின்புறம் ராக்கெட் போல நெருப்பு கக்கும்! இதையெல்லாம் ரசிகர்கள் இன்றும் பாசத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள், ஆனால் யாரும் கேனன் என்று சொல்வதில்லை.

2. படைத்தவரே முன்னின்று நடத்துபவை. ‘பஃபி’ எட்டாவது சீசனில் தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனே முதல் நான்கு இதழ்களை எழுதினார். மற்றவற்றையும் தொலைக்காட்சியில் இருந்தது போலவே தலைமை எழுத்தாளராக மேற்பார்வை செய்தார். டிவி தொடருக்கு எழுதிய ஜேன் எஸ்பென்சன், ட்ரூ காடார்ட் போன்றவர்கள் இங்கும் எழுதினார்கள். காமிக்ஸ் உலகத்திலிருந்து பிரையன் கே. வான் வந்து ஆறு முதல் ஒன்பது வரையிலான இதழ்களை எழுதினார். ‘எட்டாவது சீசன்’ என்று பெயர் வைக்கும் துணிச்சல் இதிலிருந்துதான் வந்தது. அந்தப் பெயர் வைக்கும் வழக்கம் அதற்குப் பிறகு ‘சார்ம்ட்’, ‘ஸ்மால்வில்’, ‘ஜெரிக்கோ’ என்று பரவியது.

3. ஒருகாலத்தில் அதிகாரபூர்வமாக இருந்து, பிறகு அந்தத் தகுதியை இழந்தவை. ரசிகர்களுக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

மூன்றாவது வகைக்கு ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ சாட்சி. 2002இல் 9 சீசனோடு நின்ற அந்தத் தொடருக்கு ஐடிடபிள்யூ 2013 ஜூனில் ‘சீசன் 10’ என்று காமிக்ஸ் தொடங்கியது. எழுதியவர் ஜோ ஹாரிஸ். தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரின் பெயரும் முதல் கதையில் இருந்தது. நாயகனுக்கு உதவிவந்து, தொலைக்காட்சியில் இறந்துபோன ‘லோன் கன்மென்’ என்ற நண்பர்கள் மூவரும் சாகவில்லை, தலைமறைவாக வாழ்கிறார்கள் என்று காமிக்ஸ் சொன்னது. அவர்களை இழந்து வருந்திய ரசிகர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள். இரண்டரை வருடம் கழித்து, 2016 ஜனவரியில் ஃபாக்ஸ் சேனல் பழைய நடிகர்களோடு தொடரையே திரும்பக் கொண்டுவந்தது. அதற்கும் பெயர் பத்தாவது சீசன்! காமிக்ஸில் நடந்த எதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மூவரும் இறந்தவர்கள் இறந்தவர்களாகவே இருந்தார்கள். அதே வருடம் ஐடிடபிள்யூ தன் பழைய கதையை மூடிவிட்டு, புதிய டிவி சீசனுக்கு ஏற்ற வேறொரு காமிக்ஸைத் தொடங்கியது.

திரையும் பக்கமும் மோதினால் திரைதான் ஜெயிக்கும். நான் அறிந்தவரை இதற்கு விலக்கு இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பல லட்சம் பேர் பார்க்கப்போகும் தொடரை, சில பத்தாயிரம் பேர் படித்த புத்தகத்தை எல்லோரும் படித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுத முடியாது.

பக்கத்துக்கு வந்ததும் கதைக்கு என்ன ஆகிறது

முதலில் தெரிவது கட்டுப்பாடு போய்விடுவது. ‘ஏஞ்சல்’ கடைசி எபிசோடின் கடைசிக் காட்சி ஒரு சந்துக்குள் நடக்கும். மழையில் நான்கு பேர் நிற்கிறார்கள்; எதிரே பூதப்படை; மேலே ஒரு டிராகன் சில நொடிகள் பறந்து மறையும். சண்டை தொடங்கும் கணத்தில் தொடர் முடிந்துவிடும். அதற்கு மேல் காட்ட டிவி பட்ஜெட் எங்கே இடம் கொடுக்கும்? காமிக்ஸ் தொடர்ச்சியின் முதல் இதழிலேயே ஏஞ்சல் அந்த டிராகன் மீது ஏறிப் பறக்கிறான், லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் முழுவதும் நரகத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஓவியருக்கு ஒரு நகரத்தை வரைவதும் ஒரு அறையை வரைவதும் சம்பளத்தில் ஒன்றுதான்.

‘ஸ்மால்வில்’ கதை கொஞ்சம் வித்தியாசமானது. சூப்பர்மேனின் இளமைக் காலத்தைச் சொல்லும் அந்தத் தொடர் 2011 மே மாதம் முடிந்தபோது, பத்து சீசன் காத்திருந்த ரசிகர்களுக்கு நாயகனை முழு உடையில் அருகிலிருந்து காட்டவே இல்லை. சட்டையைத் திறக்கும் காட்சியோடு திரை மூடியது. பேட்மேன் போன்ற பாத்திரங்களைத் திரைப்படங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்ததால் டிவிக்காரர்களுக்கு அவர்களைத் தொட அனுமதியும் இல்லை. டிவி தொடரில் எழுதிய பிரையன் க்யூ. மில்லர் 2012 ஏப்ரலில் ‘சீசன் 11’ காமிக்ஸைத் தொடங்கினார். வாரா வாரம் டிஜிட்டலில் ஒரு சிறு அத்தியாயம், பிறகு அவற்றைச் சேர்த்து அச்சில் ஒரு மாத இதழ் என்று வெளியீடு. இதில் சூப்பர்மேன் தொடக்கத்திலிருந்தே முழு உடையில் பறக்கிறான். பேட்மேன் வருகிறான், வொண்டர் வுமன் வருகிறாள். டிவியில் பத்து வருடம் கிடைக்காத அனுமதி காமிக்ஸில் கிடைத்தது.

கட்டுப்பாடு போவது எப்போதும் நல்லதா? இல்லை. ‘பஃபி’யின் பலம் அதன் சின்ன உலகத்தில் இருந்தது. பள்ளி நூலகம், வீட்டுச் சமையலறை, கல்லறைத் தோட்டம், அங்கே நான்கைந்து நண்பர்கள். எட்டாவது சீசனில் ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டை, கிட்டத்தட்ட 500 வேட்டைக்காரிகள் கொண்ட படை, பஃபியின் தங்கை டான் ராட்சத உருவத்தில். பின்பகுதியில் பஃபிக்கு வானத்தில் பறக்கும் சக்தியே வந்துவிடுகிறது. பல இடங்களில் பிரமாண்டம் அந்தப் பெண்ணையே மறைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். எழுதியவர்களுக்கும் அது தெரிந்தது. எட்டாவது சீசனின் முடிவில் உலகத்திலிருந்து மந்திர சக்தி அகன்றுவிடுகிறது. 2011இல் தொடங்கிய ஒன்பதாவது சீசனில் பஃபி சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு காபிக் கடையில் வேலை பார்க்கிறாள். வாடகை கட்ட வேண்டிய கவலையோடு பேய் வேட்டையும் நடக்கிறது. கதை மறுபடி மூச்சு விட்டது.

அடுத்தது வேகம். ஒரு டிவி எபிசோட் விளம்பரம் போக 42, 43 நிமிடம். 22 பக்க இதழில் பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று வைத்தால் 110 கட்டங்கள். ஒரு எபிசோட் அளவு கதைக்கு மூன்று, நான்கு இதழ்கள் வேண்டும். அதாவது மூன்று, நான்கு மாதம். டிவியில் 22 எபிசோட் கொண்ட ஒரு சீசன் செப்டம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிடும். ‘பஃபி’ எட்டாவது சீசனின் 40 இதழ்கள் 2007 மார்ச்சில் தொடங்கி 2011 ஜனவரியில்தான் முடிந்தன. முதல் இதழில் நட்ட ஒரு மர்மத்துக்கு விடை தெரியக் கிட்டத்தட்ட மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றால் எத்தனை வாசகர்கள் கூடவே வருவார்கள்?

மூன்றாவது, குரல். ‘ஃபயர்ஃப்ளை’ கப்பலில் ஒன்பது பேர். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசுவதுதான் அந்தத் தொடரின் உயிர். அதையே காமிக்ஸ் கட்டத்துக்குள் கொண்டுவந்தால், ஒன்பது பேச்சுக் குமிழிகள் போட்டதும் முகங்களுக்கு இடமிருக்காது. குமிழிகளை இடமிருந்து வலமாகத்தான் படிக்க முடியும். ஒரே நேரத்தில் இருவர் பேசுவதைக் கண் வரிசைப்படுத்திவிடும். நடிகர் ஒரு நொடி தயங்கிச் சொன்ன சொல்லின் தயக்கம் காகிதத்தில் வராது. அதனால்தான் நல்ல காமிக்ஸ் தொடர்ச்சிகள் டிவி காட்சியை அப்படியே வரைய முயல்வதில்லை. 2010இல் வந்த ‘செரினிட்டி: த ஷெப்பர்ட்ஸ் டேல்’ இதற்கு அருமையான உதாரணம். பாதிரியார் புக் யார், அவருடைய கடந்த காலம் என்ன என்று டிவி தொடர் சூசகமாகச் சொல்லிவிட்டு நின்றுபோனது. படமும் அதற்கு விடை சொல்லவில்லை. ஜாஸ் வீடனின் சகோதரர் ஜாக் வீடன் எழுதி கிறிஸ் சாம்னி வரைந்த இந்தப் புத்தகம் புக்கின் வாழ்க்கையைப் பின்னோக்கி, முதுமையிலிருந்து சிறுவயதுக்குச் சொல்கிறது. காமிக்ஸுக்கே உரிய வடிவத்தைக் கண்டுபிடித்த தொடர்ச்சி என்று இதைச் சொல்வேன்.

நடிகர்களின் முகம் பற்றியும் ஒரு வார்த்தை. கதாபாத்திரத்தின் உரிமை ஸ்டுடியோவிடம் இருந்தாலும், நடிகரின் முகத்தைப் பயன்படுத்தத் தனி ஒப்புதல் தேவைப்படலாம். சில காமிக்ஸ்களில் அட்டையில் புகைப்படம் போல அச்சு அசலாக இருக்கும் ஆள், உள்ளே யாரோ போல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் எளிமையானது: மாதத்துக்கு 22 பக்கம் வரைபவரால் ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்பட ஒற்றுமையைக் கொண்டுவர முடியாது.

காமிக்ஸும் பாதியில் நிற்கும்

‘ஜெரிக்கோ’ அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகான ஒரு சிற்றூரின் கதை. 2007இல் சிபிஎஸ் சேனல் அதை ரத்து செய்ததும், கதாநாயகன் முதல் சீசனின் முடிவில் சொன்ன ‘நட்ஸ்’ (கடலை என்றும் பொருள்) என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் சேனல் அலுவலகத்துக்கு 20 டன்னுக்கும் மேல் கடலை அனுப்பினார்கள். சேனல் இறங்கிவந்து இன்னும் 7 எபிசோட் கொடுத்தது. 2008 மார்ச்சில் மறுபடி நிறுத்தியது. 2009இல் டெவில்ஸ் டியூ பதிப்பகம் ‘சீசன் 3’ காமிக்ஸைத் தொடங்கியது, பாதியில் தடுமாறியது. பிறகு ஐடிடபிள்யூ கைக்கு மாறித்தான் அது கரை சேர்ந்தது.

‘புஷிங் டெய்சீஸ்’ ரசிகர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 2009இல் 22 எபிசோடோடு முடிந்த அந்தத் தொடரின் மிச்சக் கதையைக் காமிக்ஸில் சொல்லப்போவதாக அதை உருவாக்கிய பிரையன் ஃபுல்லர் அறிவித்தார். அதை வெளியிட இருந்த வைல்ட்ஸ்டார்ம் பிரிவை டிசி நிறுவனம் 2010இல் மூடியது. புத்தகம் வரவே இல்லை.

டிஸ்னியின் ‘கார்கோயில்ஸ்’ அனிமேஷன் தொடரில் மூன்றாவது சீசன் பெரும்பாலும் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான கிரெக் வைஸ்மன் இல்லாமலே எடுக்கப்பட்டது. 2006இல் எஸ்எல்ஜி பதிப்பகத்துக்காக அவர் காமிக்ஸ் எழுதியபோது அந்த சீசனில் தான் எழுதிய முதல் எபிசோடை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார். ஆனால் டிஸ்னி லைசென்ஸ் கட்டணத்தை உயர்த்தியதும் சிறிய பதிப்பகத்தால் தொடர முடியவில்லை. 2022இல் டைனமைட் பதிப்பகத்தில் அதே வைஸ்மன் கதையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

சில நேரம் உரிமை கைமாறுவதே ஒரு முடிவாகிவிடும். 2018இல் ‘பஃபி’ உரிமை பூம் ஸ்டூடியோஸுக்குப் போனது. 2019 ஜனவரியில் அவர்கள் கதையை முதலிலிருந்து, இன்றைய காலத்தில் நடப்பதாகத் தொடங்கினார்கள். தொலைக்காட்சியில் 7, காமிக்ஸில் 5 என 12 சீசன் வளர்ந்த பஃபியின் கதை டார்க் ஹார்ஸோடு நின்றுவிட்டது.

படிக்கத் தொடங்கும் முன்

இந்த மாதிரி ஒரு காமிக்ஸை எடுக்கும்போது நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது.

1. அட்டையில் ‘சீசன்’ எண் இருப்பது மட்டும் போதாது. உள்ளே முதல் பக்கத்தில் எழுத்தாளர் பெயர்களைப் பாருங்கள். தொடரை உருவாக்கியவரோ அதில் எழுதியவரோ இருந்தால் தொடர்ச்சி மேல் நம்பிக்கை வைக்கலாம்.

2. பதிப்பகத்தின் பெயரைப் பாருங்கள். ஒரே தொடருக்கு இரண்டு பதிப்பகம் என்றால் அவை இரண்டு வேறு கதைகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

3. கதை காலவரிசையில் எங்கே பொருந்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ‘செரினிட்டி: தோஸ் லெஃப்ட் பிஹைண்ட்’ 2005இல் வந்தாலும், கதை டிவி தொடருக்கும் படத்துக்கும் நடுவே நடக்கிறது. ‘லீவ்ஸ் ஆன் த விண்ட்’ 2014இல் வந்தது. படம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு நடக்கிறது. இதை முதலில் படித்தால் படத்தில் யார் சாகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

4. தனி இதழ்களைத் தேடி அலைய வேண்டாம். பல இதழ்களைச் சேர்த்த தொகுப்புகள் வந்திருக்கின்றன. வாங்கும் முன் அந்தக் கதை முடிந்ததா, பாதியில் நின்றதா என்று மட்டும் விசாரித்துவிடுங்கள். ஒரு முறை திரையில் பாதியில் விடப்பட்டவர்கள் காகிதத்திலும் அதே இடத்தில் போய் நிற்க வேண்டியதில்லை.